டைனோவில் ஸ்போர்ட்ஸ் காரின் குதிரைத்திறனை அளப்பது எப்படி?

டைனோ என்பது காரை ரோலர் மேல் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் கருவி. அது குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் ரோலரை எவ்வளவு விசையோடு, என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. மற்றதெல்லாம் கணக்கு. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை (சுழற்றும் விசை) ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 7121ஆல் வகுத்தால் ஹெச்பி, அதாவது குதிரைத்திறன் கிடைக்கும். 6000 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் என்றால் 337 ஹெச்பி. அதே திறனை பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) அலகில் சொன்னால் 342. ஆகவே எண்ணைக் கேட்கும்போது அலகையும் கேளுங்கள்.

இன்னொன்று: தயாரிப்பாளர் சொல்வது இன்ஜினின் திறன், ரோலர் காட்டுவது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த திறன். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் மூன்றும் நடுவில் கொஞ்சம் தின்றுவிடும். இரு சக்கர இயக்கமுள்ள மேனுவல் காரில் 12 முதல் 15 சதவீதம் குறைவது சாதாரணம். 300 ஹெச்பி கார் 255-264 காட்டினால் பதற வேண்டாம். நான்கு சக்கர இயக்கத்தில் இழப்பு இன்னும் கூடும்; அதற்கு இரண்டு அச்சுக்கும் ரோலர் உள்ள டைனோதான் வேண்டும்.

ஏற்றுவதற்கு முன்

இன்ஜின் ஆயில், கூலன்ட் அளவைப் பாருங்கள். வழக்கமாகப் போடும் பெட்ரோலையே, பாதி டேங்குக்குக் குறையாமல் நிரப்புங்கள். டயரின் வேகக் குறியீட்டைக் கவனியுங்கள்: ஹெச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரைதான். ஓட்டப்போகும் கியரில் ரெட்லைன் (இன்ஜினின் உச்ச ஆர்பிஎம்) தொடும்போது வேகம் அதைத் தாண்டக் கூடாது. டயர் பள்ளங்களில் சிக்கிய கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். ரோலர் வேகத்தில் அவை தோட்டா போலப் பறக்கும். டயரின் காற்றழுத்தத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே அழுத்தம் இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் பொருளில்லை.

கட்டுவது

இழுவைச் சக்கரங்கள் ரோலரின் நடுவில் நேராக நிற்க வேண்டும். ராட்செட் பட்டைகளை இழுவைக் கொக்கியிலோ சப்ஃபிரேமிலோ (காரின் அடியிலுள்ள உறுதியான துணைச் சட்டம்) மாட்டுங்கள். சஸ்பென்ஷன் கைகளிலும் பிரேக் குழாய் அருகிலும் வேண்டவே வேண்டாம். சஸ்பென்ஷன் லேசாக அமுங்கும் அளவு இறுக்கினால் போதும். மேலும் இறுக்கினால் டயர் ரோலரில் அழுந்தி உருள் தடை கூடும், திறன் குறைவாகத் தெரியும். தளர்வாக விட்டாலோ டயர் நழுவும். பிறகு 50-60 கிலோமீட்டர் வேகத்தில் சிறிது உருட்டி, கார் தானாக நிலைக்கு வந்ததும் பட்டைகளை மறுபடி சரிபாருங்கள்.

ரேடியேட்டருக்கு எதிரே பெரிய மின்விசிறி, புகைபோக்கிக்கு வெளியேற்றும் குழாய் இரண்டும் கட்டாயம். டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் இஎஸ்பியையும் (சக்கரமோ காரோ வழுக்கினால் தானாகத் தலையிடும் அமைப்புகள்) முழுமையாக அணையுங்கள். சில கார்களில் பொத்தான் மட்டும் போதாது, தனி டைனோ மோடு இருக்கும். ரோலரின் நேர் பின்னாலும் முன்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

ஓட்டம்

இன்ஜின் ஆயில் 80-90 டிகிரிக்கு வரட்டும். கியர் ஆயில் அதைவிட மெதுவாகச் சூடாகும். முதல் ஓட்டம் குறைவாகக் காட்டுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். 1:1 விகிதத்துக்கு (கியர்பாக்ஸில் உள்ளே வரும் சுற்றும் வெளியேறும் சுற்றும் சமம்) நெருக்கமான கியரைத் தேர்ந்தெடுங்கள், பல கார்களில் நான்காவது. மூன்றாவதில் ஓட்டினால் ஆர்பிஎம் வேகமாக ஏறுவதால் இன்ஜினின் சுழலும் பாகங்களை முடுக்கவே கூடுதல் திறன் செலவாகும். டயர் நழுவும் வாய்ப்பும் அதிகம்.

3000 ஆர்பிஎம்மில் நிதானமாகப் பிடித்து, வேகத்துக்கும் ஆர்பிஎம்முக்கும் உள்ள விகிதத்தை மென்பொருளில் பதியச் செய்யுங்கள். இது தவறினால் டார்க் எண் கெடும், ஆனால் உச்ச ஹெச்பி மாறாது, ஏனெனில் அது ரோலரிலிருந்தே வருகிறது. டார்க் மட்டும் சந்தேகமாக இருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இப்போது 2000 ஆர்பிஎம்முக்கு இறக்கி, மிதியைத் தயக்கமின்றி அடிவரை அழுத்தி, ரெட்லைன் வரை அப்படியே வையுங்கள். பாதியில் தளர்த்திய ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். முடிந்ததும் கிளட்சை அழுத்தி ரோலரைத் தானாக ஓய விடுங்கள். இழப்பைக் கணக்கிடும் டைனோக்கள் இந்த ஓய்வைத்தான் அளக்கின்றன, அதனால் பிரேக் தொட வேண்டாம்.

அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் இருந்தால் காற்று-எரிபொருள் விகிதத்தைப் பாருங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு முழு மிதியில் 12.5-13, டர்போவுக்கு 11.5-12 பழக்கமான எல்லை. டர்போ அழுத்திக் காற்றைத் தள்ளும்போது (பூஸ்ட்) 13.5ஐத் தாண்டினால் எரிபொருள் போதவில்லை என்று பொருள், உடனே மிதியை விடுங்கள்.

மூன்று ஓட்டம் எடுங்கள். இடையே குளிர விடும் நேரம் ஒன்றுபோல இருக்கட்டும். 1-2 சதவீத வித்தியாசம் இயல்பு. ஓட்டத்துக்கு ஓட்டம் இறங்கிக்கொண்டே போனால் உள்ளிழுக்கும் காற்று சூடாகியிருக்கும், அல்லது நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து இசியு (இன்ஜினின் கணினி) தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளியிருக்கும். ஆர்பிஎம் ஏற, ரோலர் வேகம் ஏறாவிட்டால் நழுவுவது டயர் அல்லது கிளட்ச். பட்டையை இறுக்கியும் தீரவில்லை என்றால் கிளட்சைச் சந்தேகிக்கலாம்.

தாளைப் படிப்பது

எஸ்ஏஇ ஜே1349 என்ற வானிலைத் திருத்தம் 25 டிகிரி வெப்பத்துக்கும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்துக்கும் எண்ணை மாற்றித் தருகிறது. ‘எஸ்டிடி’ என்ற பழைய திருத்தம் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பெருமைக்கு அதைக் காட்டுவோரும் உண்டு. வெப்ப சென்சார் இன்ஜினின் சூட்டுக் காற்றில் தொங்கினாலும் எண் பொய்யாக ஏறும்: 25 டிகிரிக்குப் பதில் 35 என்று படித்தால் சுமார் 2 சதவீதம். டர்போ கார்களில் திருத்தம் மிகையாகும் என்பதால் திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசி ஓட்டத்துக்குப் பின் சில நிமிடம் இன்ஜினை ஐடிலில் விட்டுப் பின் அணையுங்கள், டர்போவுக்கு அது அவசியம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டும் ஹப் டைனோ என்றால், சக்கரத்தைத் திரும்ப மாட்டி காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் நட்டுகளை இறுக்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.