முதல்முறை லசானியா செய்கிறீர்களா? சாஸ் தளர்வாக இருக்கட்டும்

லசானியா ஓர் அடுக்குப் பாஸ்தா. தட்டையான பாஸ்தா ஷீட், அதன்மேல் கறி சாஸ், ஒயிட் சாஸ், சீஸ், மறுபடியும் ஷீட். இப்படி நாலு அடுக்கு வைத்து ஓவனில் வேகவிட்டால் வீட்டில் நாலு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு தயார்.

நான் முதல்முறை செய்தபோது இரண்டு சாஸையும் கெட்டியாகக் காய்ச்சிவிட்டேன். மேலே சீஸ் நன்றாகச் சிவந்திருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஷீட் வேகவில்லை, ஓரமெல்லாம் விறைத்துக் கிடந்தது. கடைகளில் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் முன்கூட்டி வேகவைக்கத் தேவையில்லாத ஷீட். அது வேக வேண்டிய தண்ணீரைச் சாஸிலிருந்துதான் குடிக்க வேண்டும். சாஸில் தண்ணீர் இல்லையென்றால் எவ்வளவு நேரம் ஓவனில் வைத்தாலும் பயனில்லை. (வேகவைக்கச் சொல்லும் ஷீட்டும் உண்டு; வாங்கும்போதே பெட்டியைப் படித்துவிடுங்கள்.)

தேவையானவை

8 அங்குலச் சதுர பேக்கிங் ட்ரே, 8 முதல் 10 ஷீட்.
கறி சாஸுக்கு: மட்டன் கொத்துக்கறி 400 கிராம், பெரிய வெங்காயம் 1, கேரட் 1, செலரித் தண்டு 1 (கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்), பழுத்த தக்காளி 600 கிராம், பால் அரை கப், எண்ணெய், உப்பு, மிளகுத்தூள்.
ஒயிட் சாஸுக்கு: வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் 700 மில்லி, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், உப்பு.
மொசரெல்லா சீஸ் 150 கிராம், பார்மேசான் சீஸ் 50 கிராம்.

1. கறி சாஸ்

வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் சிறு தீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, குழைய வேண்டும். அப்புறம் கொத்துக்கறியைப் போட்டுத் தீயைக் கூட்டுங்கள். கறி விடும் தண்ணீர் வற்றி, சட்டியில் லேசாகப் பிடிக்கும்வரை கிளறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சாஸில் ருசி இறங்காது. பிறகு அரை கப் பால் ஊற்றி வற்றவிட்டு, அரைத்த தக்காளி, உப்பு, மிளகு சேர்த்து, பாதி மூடிச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். சிக்கன் என்றால் அரை மணி போதும். வற்றினால் வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இஞ்சி பூண்டு விழுதையும் கரம் மசாலாவையும் தேடிக் கை போகும். இந்த ஒருமுறை வேண்டாம். இத்தாலியின் பொலோன்யா நகரத்துக் கறி சாஸ் இது. அங்கே 1982இல் இதன் செய்முறையை நகர வணிகச் சபையில் முறையாகப் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அதில் மாட்டிறைச்சி, ஒயின், பால் எல்லாம் உண்டு, பூண்டு கிடையாது. வெங்காயமும் கேரட்டும் தரும் மெல்லிய இனிப்புதான் அந்தச் சாஸின் குணம், மசாலா அதை மூடிவிடும்.

சைவம் என்றால் 500 கிராம் காளானைப் பொடியாக நறுக்கி இதே முறையில் செய்யுங்கள். அசல் பார்மேசானில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பதால், அதைத் தவிர்த்து மொசரெல்லாவைக் கூட்டிக்கொள்ளலாம். அதிலும் விலங்கு ரென்னெட் இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

2. ஒயிட் சாஸ்

வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போகும்வரை இரண்டு நிமிடம் கிளறுங்கள். நிறம் மாறக் கூடாது. பாலை முதலில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றி, விழுதாகும்வரை விஸ்க்கால் அடியுங்கள். இன்னொரு கரண்டி, மறுபடியும் அடியுங்கள். கட்டி தட்டுவது தொடக்கத்தில்தான், பாதிப் பால் போன பிறகு மீதியை மொத்தமாக ஊற்றிவிடலாம். உப்பு, ஜாதிக்காய் போட்டுக் கொதி வந்ததும் இறக்குங்கள். மோர்க்குழம்பு பதம் இருக்க வேண்டும். ஆறினால் இறுகும், அடுக்கும் முன் கெட்டியாகத் தெரிந்தால் சூடான பால் கொஞ்சம் கலந்து தளர்த்துங்கள். கறி சாஸும் கரண்டியிலிருந்து வழிய வேண்டும், பூரணம் போல உருண்டு நிற்கக் கூடாது.

3. அடுக்குவது

ட்ரேயின் அடியில் இரண்டு கரண்டி ஒயிட் சாஸ் தடவுங்கள். இரண்டு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், இடைவெளி இருந்தால் ஒன்றை உடைத்து அடைக்கலாம். மேலே கறி சாஸ், ஒயிட் சாஸ், கொஞ்சம் சீஸ். இப்படி மூன்று அடுக்கு. நாலாவது அடுக்கு ஷீட்டின் மேல் மீதி ஒயிட் சாஸ் முழுவதையும் ஊற்றி, மூலை வரை பரப்புங்கள். ஷீட்டின் ஒரு முனைகூட வெளியே தெரியக் கூடாது. மிச்ச சீஸைத் தூவுங்கள்.

4. ஓவனில்

180 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றிய ஓவனில், ட்ரேயை ஃபாயிலால் இறுக மூடி 30 நிமிடம் வையுங்கள். உள்ளே தங்கும் ஆவி சாஸை வற்றவிடாமல் ஷீட்டை வேகவைக்கிறது. பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு, மேலே சிவக்கும்வரை 15 நிமிடம். நடுவில் கத்தியை இறக்கிப் பாருங்கள், தடையில்லாமல் அடிவரை போனால் வெந்துவிட்டது. தடுத்தால் ஃபாயில் மூடி இன்னும் பத்து நிமிடம்.

காலையிலேயே அடுக்கி ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் கண்ணாடி ட்ரேயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். அரை மணி வெளியே இருக்கட்டும்.

5. காத்திருப்பது

வெளியே எடுத்ததும் வீடே மணக்கும், பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள். ஆனாலும் இருபது நிமிடம் தொடாதீர்கள். சூட்டில் சாஸ் தளர்வாகவே இருக்கும், உடனே வெட்டினால் அடுக்கெல்லாம் சரிந்து தட்டில் குழம்பாக ஓடும். அந்த நேரத்தில் வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு வைத்துவிடலாம். இருபது நிமிடம் கழித்து ஆறு துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டை எடுப்பதுதான் கஷ்டம், அகலமான தோசைத் திருப்பியை அடிவரை விட்டுத் தூக்குங்கள்.