பழைய ஏறுகயிறு வாங்கும்போது முடிச்சைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது மலையேறும் பழைய கயிற்றை விற்றால், விலை பேசுமுன் எல்லா முடிச்சையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் முடிச்சோடு கிடந்த இடம் தட்டையாகி விறைத்திருக்கும். முழு நீளத்தையும் விரலிடையே உருவுங்கள். வளைக்கும்போது ஓரிடம் மட்டும் காகிதம்போல் மடிந்தால் உள்நூல் போய்விட்டது. தோட்டத்து வீட்டு ஸ்டோரில் கார் பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்ததா என்றும் கேளுங்கள். அமிலம் நைலானை அரித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தயாரித்து 10 ஆண்டு தாண்டியதா? சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

விற்பவர் நைந்த நுனியை வெட்டியிருந்தால் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பக்கம் 4 மீட்டர் வெட்டினால் கயிற்றின் பாதியைக் காட்டும் நடுக்குறி உண்மையான நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளிப்போகும். அதை நம்பி ஆளை இறக்கினால் மறுநுனி, கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்துத் தளர்த்தும் பிலே கருவியைவிட்டு நழுவிவிடும். அளந்து பாருங்கள், மறுநுனியில் தடுப்பு முடிச்சும் போடுங்கள். முடிச்சிட்டு வளையமாக்கிய டைனீமா (வலுவான செயற்கை நார்) பட்டையை வாங்கவே வேண்டாம், அது வழுக்கும்.