உயிரியல் விளக்கத்தை எடைபோடும்போது சறுக்கும் இடங்கள்

“நடத்தைக்கான உயிரியல் விளக்கத்தின் நிறைகுறைகளை ஆராய்க.” உளவியல் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. நம் நடத்தைக்கு மரபணு, மூளை, அதிலுள்ள வேதிப்பொருட்கள் ஆகியவற்றில் காரணம் தேடுவதுதான் உயிரியல் விளக்கம். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும். நிறை: அறிவியல்பூர்வமானது. குறை: குறுக்கல்வாதம் (சிக்கலான நடத்தையை ஒரே சிறு காரணத்துக்குள் அடக்குவது), நிர்ணயவாதம் (எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பது). அதோடு முடிந்துவிடும். மாணவர் தப்பாக எதுவும் எழுதவில்லை என்பதால் மதிப்பெண்ணைக் குறைக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. ஆனால் எந்த ஆய்வு எதைக் காட்டியது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று சொல்லாதவரை அந்தச் சொற்களுக்குள் சரக்கே இல்லை.

மனச்சிதைவு நோயை (ஸ்கிசோஃப்ரினியா) எடுத்துக்கொள்ளுங்கள். “குடும்பத்தில் பலருக்கு இருக்கிறது, ஆகவே மரபணுதான் காரணம்” என்று எழுதுவது முதல் சறுக்கல். நூலைப் போல சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை தாயின் மரபணுவோடு தாயின் வீட்டையும், அங்கிருந்த வறுமையையும் சண்டையையும் சேர்த்தே பெறுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இரட்டையர் ஆய்வுகள் வந்தன. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒருகரு இரட்டையர்; இரண்டு தனிக் கருக்களாக உருவாகிப் பிறப்பவர்கள் இருகரு இரட்டையர், மரபணுவில் சாதாரண உடன்பிறப்புகளைப் போன்றவர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து இர்விங் காட்டெஸ்மன் 1991இல் தந்த கணக்குப்படி, ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு சுமார் 48%. இருகரு இரட்டையரில் சுமார் 17%. இந்த இடைவெளிதான் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சான்று. ஆனால் அந்த 48 ஏன் 100 ஆகவில்லை? மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றாக இருந்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் வரவில்லையே! நிறையும் குறையும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருகரு இரட்டையரை இருகரு இரட்டையரைவிட அதிகமாக ஒன்றுபோலவே நடத்துகிறார்கள்: ஒரே மாதிரி சட்டை போடுகிறார்கள், ஒரே வகுப்பில் உட்காரவைக்கிறார்கள். ஆகவே அந்த 17க்கும் 48க்கும் நடுவிலுள்ள இடைவெளி முழுவதையும் மரபணுவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

மரபுப்பங்கு என்ற சொல்லில் சறுக்காதவர்கள் குறைவு. ஒரு பண்பின் மரபுப்பங்கு 80% என்றால், என்னிடம் உள்ள அந்தப் பண்பில் 80% மரபணுவால் வந்தது என்று பொருள் கொள்கிறார்கள். அது தனி ஒருவரைப் பற்றிய எண்ணே இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதே அது. கைக்கு ஐந்து விரலை அமைப்பது மரபணுதான். ஆனால் பெரியவர்களிடையே விரல் எண்ணிக்கை வேறுபடுவது பெரும்பாலும் விபத்தால். எனவே விரல் எண்ணிக்கையின் மரபுப்பங்கு மிகக் குறைவாகவே வரும்.

மரபணு என்றால் தலையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஃபீனைல்கீட்டோனூரியாவின் கதை. நார்வே மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் கண்டறிந்த நோய் இது. மரபணுக் கோளாறால் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடல் சரியாகச் சிதைக்க முடியாமல் இரத்தத்தில் தேக்கிவைக்கிறது. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படும். குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துச் சோதித்து, அந்த அமிலம் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் குழந்தை நன்றாக வளர்கிறது. மரபணு அப்படியேதான் இருக்கிறது. மாறியது சாப்பாடு.

அடுத்தது மருந்திலிருந்து காரணத்துக்குத் தாவுவது. மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் மாத்திரை மனச்சோர்வைக் குறைக்கிறது, ஆகவே செரோட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு வந்தது என்பார்கள். பாராசிட்டமால் போட்டுத் தலைவலி போனால், உடம்பில் பாராசிட்டமால் குறைந்துதான் தலை வலித்தது என்று சொல்வோமா? அந்த மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே செரோட்டோனின் மீது வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மனநிலை தேற வாரங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியே விளக்கம் அவ்வளவு எளிதல்ல என்று காட்டுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. காரணம் பற்றிய கோட்பாடு ஆட்டம் காண்பதும் மருந்து பலன் தருவதும் வேறு வேறு விஷயங்கள்.

மூளை ஸ்கேனில் ஒரு பகுதி பெரிதாகத் தெரிந்தால் அதுவே நடத்தைக்குக் காரணம் என்று எழுதிவிடுவதும் அப்படித்தான். எலினார் மக்வயர் குழுவினர் 2000இல் லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையில், நினைவுக்கும் வழியறிவதற்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். 2011இல் பயிற்சிக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, தெருக்களை மனப்பாடம் செய்து தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. வாழ்க்கையும் மூளையை மாற்றும்.

இத்தனை குறைகளைப் படித்தபின் உயிரியல் விளக்கத்தையே ஒதுக்கித்தள்ளுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆட்டிசத்துக்குக் காரணம் பாசம் காட்டாத தாய் என்று மேற்கத்திய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உதவி கேட்டு வந்த பெண்ணிடம் “நீதான் காரணம்” என்பதைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்லி அனுப்பினார்கள். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒருகரு ஜோடிகள் 11இல் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு ஜோடிகள் 10இல் ஒன்றில்கூட இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் தாய்மார்கள் மேல் சுமத்தப்பட்ட பழியை இறக்கிவைத்த ஆய்வுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இந்த நிறையை விடைத்தாளில் யாராவது எழுதமாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

அதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. மனநோயை உயிரியல் வழியில் விளக்கினால் மக்கள் நோயாளியைக் குறைவாகவே குற்றம் சொல்கிறார்கள். அதே நேரம் அவர் தேறமாட்டார் என்ற எண்ணம் கூடுகிறது. 2013இல் கூவாலேவும் ஹாஸ்லமும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்த இரண்டுமே தெரிந்தன.