மூணடி பிள்ளையாருக்கு எந்த உளி?
மரச்சிற்பத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் சிற்பிங்க மாதிரி ஒரே கட்டையில செய்யணும்னு ஆசைப்பட்டு மூணடி வாகைக்கட்டையில பிள்ளையார் ஆரம்பிச்சேன், கையில இருந்தது சின்ன பொம்மைக்கு வாங்குன கால் இஞ்ச் உளி செட்டுதான், பத்து நாள் தட்டியும் தும்பிக்கை எங்க வயிறு எங்கன்னே பிடிபடல, மணிக்கட்டு வேற வீங்கிருச்சு. அப்புறம் ஒன்றரை இஞ்ச்ல வளைவு உளி ஒண்ணும் ஒரு கிலோகிட்ட வர்ற புளியமர கொட்டாப்புளியும் (உளியத் தட்டுற மரச்சுத்தி) வாங்குனேன். முதல்ல ரம்பத்தால குறுக்க வெட்டு போட்டு, நடுவுல நிக்கிறத பெரிய உளியால தட்டுனா கட்டிகட்டியா பேந்து வருது, ஆனா வரைஞ்ச கோட்டுக்கு ஒரு விரக்கடை முன்னாடியே நிறுத்திடணும். கட்டை ஆடாம அடியில ரெண்டு போல்ட் போட்டு பலகையோட முடுக்கிட்டேன், இது ரொம்ப முக்கியங்க. சின்ன உளி கண்ணு, நகம், ஆபரணத்துக்கு மட்டும். அடிக்கடி தீட்டிக்கோங்க, மொண்ணை உளி மரத்தோட நாரைப் பிய்ச்சிடும்.