மாணிக்கக் குழியை மூடும்போது காணிக்காரர் கவனிக்க வேண்டியவை

இலங்கை மலையகத்தின் கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றோரத்தில் துண்டுக் காணி வைத்திருப்பவர்களிடம் மாணிக்கக் குழி வெட்டக் கேட்டு ஆள் வருவது எங்கள் பக்கம் வழக்கமான விஷயம். பங்கு எவ்வளவு, பம்ப் செலவு யாருக்கு என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். குழியை யார் மூடுவது, எப்படி மூடுவது என்ற பேச்சு மட்டும் வராது. நான் பொகவந்தலாவையில் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பவள். என்னிடம் வரும் காணிப் பிரச்சினைகளில் பல, குழி வெட்டியவர்கள் போன பிறகு ஆரம்பித்தவை. எங்கள் அம்மாவின் போஞ்சித் தோட்டத்திலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. மேலே முழுக்கக் கூழாங்கல்லும் மணலும். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் அளவு தாழ்ந்துபோனது. அங்கே இன்னும் எதுவும் விளைவதில்லை.

முதலில் வைப்புப் பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். மாணிக்கம் அகழ அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. அனுமதி எடுப்பவர் குழியை மூடுவதற்காக ஒரு தொகையை அங்கே கட்டிவைக்க வேண்டும். ஒழுங்காக மூடினால் அந்தப் பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். மூடாமல் போனால் அதே பணத்தைக் கொண்டு அதிகார சபை மூடலாம். அதாவது உங்கள் மண்ணைச் சீராக்குவதற்கான காசு ஏற்கெனவே ஓர் இடத்தில் இருக்கிறது. இது தெரியாமல் சொந்தக் காசைப் போட்டு டிராக்டரில் மண் இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனது கொதிக்கிறது.

அதனால் அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் வைப்புப் பண ரசீதின் பிரதியும் உங்கள் கையில் இருக்கவேண்டும். இலக்கம், யார் பெயரில், எத்தனை குழி, எப்போது காலாவதி என்று பாருங்கள். வெட்டியவர் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதிகார சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அரசியலமைப்பு தந்த உரிமை அது. சிங்களத்தில் எழுதிவா என்று யாரும் திருப்பி அனுப்பினால், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சரி, மூட வந்துவிட்டார்கள். அன்றைக்கு வேறு வேலை வைக்காதீர்கள், கிட்டவே நில்லுங்கள். எந்த மண் முதலில் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இல்லத்தை, அதாவது மாணிக்கம் கிடக்கும் சரளை மண்ணை, கழுவிய கல்லும் மணலும் அடியிலிருந்து வந்தவை, அவை அடிக்கே போகவேண்டும். கறுப்பு மேல்மண் கடைசியாக வரவேண்டும். வெட்டும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மழையில் கரையாமல் மூடி வைக்கச் சொன்னால்தான் இது நடக்கும். குழியில் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டு மூடவேண்டும். முட்டுக் கொடுத்த மரங்களை உள்ளேயே விட்டால் அவை உக்கி, பிறகு நிலம் இறங்கும். கீழிருந்து மண் ஏற ஏற அவற்றைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஓர் அடி, ஒன்றரை அடிக்கு ஒரு தடவை இடித்து இறுக்க வேண்டும். கடைசியில் சுற்று நிலத்தைவிடக் கொஞ்சம் மேடாக விடுவது நல்லது, எப்படியும் அமரும். பொலித்தீன், குப்பை, வெட்டிய கட்டை எதையும் உள்ளே போட விடாதீர்கள்.

காணி சரிவில் இருந்தால் மேல்பக்கம் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரை விலக்கிவிட வேண்டும். புது மண்ணில் தண்ணீர் இறங்கினால் சரிவே கிளம்பும். ஓரத்தில் வெட்டிவேரோ மானாப் புல்லோ நட்டால் மண் பிடித்துக்கொள்ளும். நிலத்தில் வெடிப்பு தெரிந்தால் தாமதிக்காமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

“குழி மூடியாயிற்று, ஆட்சேபம் இல்லை” என்ற தாளில் அன்றே கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். ஒரு நல்ல மழை பெய்து, நிலம் அமர்ந்ததைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அவசரப்படுத்தினால், “இன்று இந்த நிலையில் பார்த்தேன், தாழ்ந்தால் மறுபடி நிரப்பித் தரவேண்டும்” என்று திகதியோடு உங்கள் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அப்புறம், பலரும் செய்யாத ஒரு வேலை. எல்லைக்கல், பாறை போல நகராத இரண்டு இடங்களிலிருந்து குழி எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதி, படங்களோடு உறுதிப் பத்திரத்துடன் வையுங்கள். நாளைக்கு மகனோ மகளோ வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது அந்த இடத்தை விலக்க அதுதான் வழிகாட்டும்.

காலாவதியாகி, வெட்டியவர் ஆளையே காணோம் என்றால் அதிகார சபையின் பிராந்திய அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் எழுதுங்கள். பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி அனுப்புங்கள். பதில் வரும்வரை குழியைச் சுற்றி வேலி போடுங்கள், பிள்ளைகளும் மாடும் நடமாடும் இடம். தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் காணியை வைத்திருப்பவரைத்தான் பிடிக்கும். எனவே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நீங்களே முந்திச் சொல்லி வையுங்கள்.

அனுமதியே இல்லாமல் இரவில் வெட்டிய குழி என்றால் வைப்புப் பணமும் இல்லை. தெரிந்த அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

எல்லாக் காணியும் ஒன்றல்ல. வயல் என்றால் கமநல சேவை நிலையத்தைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணி என்றால் பிரதேச செயலாளரிடம் முதலில் போங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் உள்ள தோட்டக் காணியில் குழி வெட்டச் சம்மதம் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் திறந்து கிடக்கும் குழியைப் பற்றி முறைப்பாடு செய்ய அங்கே குடியிருந்தாலே போதும், உறுதி தேவையில்லை.

பங்குப் பணத்திலோ நட்டஈட்டிலோ தகராறு வந்தால் முதலில் இணக்க சபைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே முடியாவிட்டால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். போகும்போது உறுதி, அனுமதிப்பத்திரப் பிரதி, பதிவுத்தபால் துண்டுகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள்.