மறுமலர்ச்சிக் கால ஓவியத்தில் மறைபொருளைத் தேடிப் படிப்பது எப்படி?

மறுமலர்ச்சிக் கால ஓவியம் என்றாலே உள்ளே ஏதோ ரகசியச் சங்கேதம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. படத்தின் மேல் முக்கோணம் போடுகிறார்கள், கண்ணாடியில் திருப்பிக் காட்டுகிறார்கள், விரல்களை எண்ணுகிறார்கள். அதையெல்லாம் மூடி வைத்துவிட்டு வாருங்கள். மறைபொருள் உண்மையிலேயே இருக்கிறது, அந்த வீடியோக்கள் சொல்வதைவிடச் சுவையாகவே இருக்கிறது. பெரும்பாலும் அது பணம் கொடுத்துப் படம் வரையச் சொன்ன ஒருவருக்காக, அவர் படித்த நூல்களையும் அவர் வீட்டுச் சுவரையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஆகவே 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்பதற்கு முன்னால் 'இது யாருக்காக, எங்கே மாட்டியிருந்தது, அவர் என்ன படித்திருப்பார்?' என்று கேட்கப் பழக வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி, இது இல்லாமல் நகர முடியாது. 1460 வாக்கில் மாசிடோனியாவிலிருந்து ஒரு துறவி கிரேக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்றை புளோரன்ஸுக்குக் கொண்டுவந்தார். ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் என்ற பண்டைய எகிப்திய ஞானி எழுதியது என்று நம்பப்பட்ட நூல் அது. நகரத்தின் பெரிய வங்கியாளரான கோசிமோ டி மெடிசி அப்போது கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவை லத்தீனில் பெயர்க்கச் சொல்லி மார்சிலியோ ஃபிசினோவை அமர்த்தியிருந்தார்; பிளேட்டோ காத்திருக்கட்டும், முதலில் இதை முடி என்று சொல்லிவிட்டார். 1463-இல் ஃபிசினோ முடித்துக் கொடுத்தார், அடுத்த ஆண்டு கோசிமோ இறந்தார். அந்த நூல் அவ்வளவு பழையது இல்லை, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் எழுதப்பட்டது என்று ஐசக் கசோபோன் என்ற அறிஞர் 1614-இல்தான் நிறுவினார். அதற்குள் நூற்றைம்பது வருடம் ஓடிவிட்டது, அந்த நம்பிக்கையில் பிறக்க வேண்டிய படங்களெல்லாம் பிறந்தாகிவிட்டது.

ஃபிசினோவின் நண்பர் பீக்கோ டெல்லா மிராண்டோலா 1486-இல் எழுதிய உரையில், எகிப்தியக் கோயில்களில் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் உருவங்களைச் செதுக்கி வைத்ததே ஞானத்தைப் புதிர் முடிச்சுகளில் கட்டிப் பாமரர் கையில் படாமல் காக்க வேண்டும் என்று நினைவூட்டத்தான் என்கிறார். உயர்ந்த விஷயத்தைத் திரை போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது இவர்களுடைய உறுதியான எண்ணம். இதற்குத் தோதாக இன்னொரு நூலும் கையில் இருந்தது: 1419-இல் ஆண்ட்ரோஸ் தீவில் கிடைத்த, ஹொராப்போல்லோ எழுதியதாகச் சொல்லப்படும் நூல். எகிப்திய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கருத்தின் படம் என்று அது சொன்னது. 1822-இல் சாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்த எழுத்துகளை வாசித்துக் காட்டியபோது அது தவறு என்று தெரிந்தது. ஆனால் ஒரு பொருளை வரைந்து ஒரு முழு எண்ணத்தைச் சொல்லலாம் என்ற தெம்பை ஓவியர்களுக்குக் கொடுத்தது இந்தத் தவறுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். பயிற்சிக்கு லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும், ஜெர்மன் ஓவியர் ஹோல்பைனின் 'தூதர்கள்' (1533) மிக நல்ல படம். வாட்ஸாப்பில் வந்த சின்னக் கோப்பில் பார்க்காதீர்கள், கேலரியின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், ஆனால் அங்கே எழுதியிருக்கும் விளக்கத்தை மட்டும் இப்போதைக்குப் படிக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்துக் கண்ணில் படுகிற பொருள்களை எல்லாம் வெறும் பெயராக எழுதுங்கள். 'மரணம்' என்று எழுதக் கூடாது, 'மண்டை ஓடு' என்று எழுத வேண்டும். அர்த்தம் பிறகு வரட்டும். இரண்டு ஆண்கள், நடுவில் இரண்டு தட்டு உள்ள மேசை. மேல் தட்டில் வான்கோளமும் நேரம் பார்க்கும் கருவிகளும், கீழ்த் தட்டில் பூமிக்கோளம், கணக்குப் புத்தகம், லூட் என்ற நரம்பிசைக் கருவி, பாட்டுப் புத்தகம். இப்போது லூட்டின் நரம்புகளைப் பெரிதாக்குங்கள், ஒன்று அறுந்திருக்கும். இடது மேல் மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவை தெரியும். இடப்பக்கத்தவரின் குறுவாள் உறையில் 29 என்று அவர் வயதும், வலப்பக்கத்தவரின் முழங்கைக்குக் கீழே உள்ள புத்தகத்தில் 25 என்று இவர் வயதும் எழுதியிருக்கும். தரையில் சாய்வாக நீண்டு கிடக்கும் அந்த வினோத வடிவத்தைப் பார்க்க, படத்தின் வலது ஓரம் கண்ணுக்கு அருகில் வரும்படி திரையைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாகப் பாருங்கள். மண்டை ஓடாகக் கூடி வரும்.

பட்டியல் முடிந்தபிறகுதான் ஆளைத் தேட வேண்டும். இடப்பக்கத்தவர் ஜான் டி டின்டெவில், இங்கிலாந்தில் பிரெஞ்சுத் தூதர். படம் பிரான்சில் பொலிஸியில் உள்ள அவருடைய மாளிகைக்குப் போனது. வலப்பக்கத்தவர் அவர் நண்பர், பிஷப் ஜார்ஜ் டி செல்வ். வருடமோ 1533, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி ரோமில் இருந்த போப்போடு முறித்துக்கொண்டிருந்த நேரம். அப்புறம் அறுந்த நரம்புக்குப் போங்கள். 1531-இல் அச்சான அல்சியாட்டோவின், பாட்டோடு கூடிய சின்னங்களின் படத் தொகுப்பில் லூட் என்பது அரசர்களுக்கிடையிலான உடன்படிக்கைக்குச் சின்னம், ஒரு நரம்பு சரியில்லை என்றால் மொத்த இசையும் போயிற்று என்று அதன் பாட்டு சொல்கிறது. பக்கத்திலேயே, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த லூத்தரின் ஜெர்மன் பாடல்கள் உள்ள புத்தகத்தைக் கத்தோலிக்க பிஷப்பின் பக்கமாகத் திறந்து வைத்திருக்கிறார் ஹோல்பைன். பொருள், ஆள், ஆண்டு, அந்த ஆண்டுக்குப் பக்கத்தில் வந்த ஒரு நூல், இவை நான்கும் ஒரே திசையில் கை காட்டினால் அந்த அர்த்தத்தை நம்பலாம். ஒன்று மட்டும் காட்டினால் பென்சிலில் எழுதி வையுங்கள்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு போட்டிசெல்லியின் 'வசந்தம்' படத்தைவிட நல்ல சாட்சி இல்லை. புளோரன்ஸின் உஃபீஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மூன்று மீட்டருக்கு மேல் அகலம், 1480 வாக்கில் வரைந்தது. நீண்ட காலமாக இதைப் பற்றி எழுதியவர்கள், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி இதை காஸ்தெல்லோ மாளிகையில் பார்த்ததாகச் சொன்னதை வைத்து, அந்த மாளிகைக்காகவே வரைந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1975-இல் வெளியான 1499-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்று அதை மாற்றிவிட்டது. படம் இருந்தது நகரத்து வீட்டில், லொரென்சோ டி பியர்ஃபிரான்செஸ்கோ என்ற இளைய மெடிசியின் படுக்கையறையை ஒட்டிய அறையில், சாய்ந்து உட்காரும் ஒரு கட்டிலுக்கு மேலே. இவருக்கு 1482-இல் திருமணம். இவர் பையனாக இருந்தபோதே ஃபிசினோ இவருக்குக் கடிதம் எழுதி, காதல் தேவதையான வீனஸ் என்பவள் மனிதப் பண்பின் உருவம், அவள் மேல் கண்ணை வை என்று புத்தி சொல்லியிருக்கிறார். புதுமாப்பிள்ளையின் அறையில் காதல் தேவதை நடுநாயகமாக நிற்பதை இனிமேல் வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

இந்தப் படத்தை வலமிருந்து இடமாகப் படியுங்கள். வலது ஓரத்தில் நீலப் பச்சை உடம்போடு மரங்களை வளைத்துக்கொண்டு வருபவன் மேற்குக் காற்றின் தேவன் செஃபிரஸ். அவன் பிடிக்கும் பெண் குளோரிஸ், அவள் வாயிலிருந்து பூக்கள் உதிர்வதைப் பெரிதாக்கிப் பாருங்கள், அவை அடுத்து நிற்கும் பெண்ணின் பூ உடைமேல் போய் விழுவதுபோலவே இருக்கும். காரணம், அந்த அடுத்த பெண்ணும் அவளேதான். பண்டைய ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் பண்டிகைக் காவியத்தின் ஐந்தாம் பகுதியில், குளோரிஸாக இருந்த நான் இப்போது பூக்களின் தேவதை ஃபுளோரா ஆனேன் என்று அவளையே சொல்ல வைக்கிறார், அப்படிப் பேசும்போதே அவள் உதட்டிலிருந்து ரோஜாக்கள் வருகின்றன. இந்த இடம் உறுதியானது, நூலும் படமும் வரிக்கு வரி ஒட்டுகின்றன. பின்னால் நிற்கும் ஆரஞ்சு மரங்கள் மெடிசி குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை, வலப்பக்கத்து லாரல் மரம் லொரென்சோ என்ற பெயரை நினைவூட்டுவது.

இடப்பக்கம் போகப் போக உறுதி குறைகிறது, சுவை கூடுகிறது. கண் கட்டிய மன்மதன் குறி வைப்பது கைகோத்து ஆடும் மூன்று பெண்களில் நடுவில் முதுகைக் காட்டி நிற்பவளை. அவள் பார்ப்பது இடது ஓரத்தில் நிற்கும், தெய்வங்களின் தூதனான மெர்க்குரியை. அவனோ யாரையும் பார்க்காமல் கோலால் மேகத்தை விலக்கிக்கொண்டு மேலே பார்க்கிறான். எட்கர் விண்ட் என்ற கலை வரலாற்றாளர் இதை ஃபிசினோவின் தத்துவத்தோடு சேர்த்துப் படித்தார்: அன்பு மேலிருந்து கீழே பாய்கிறது, உள்ளத்தைத் திருப்புகிறது, பிறகு வந்த இடத்துக்கே திரும்புகிறது. வலது ஓரத்தில் கீழ்நோக்கிப் பாயும் காற்று, நடுவில் சுழலும் நடனம், இடது ஓரத்தில் மேல்நோக்கிய பார்வை. எனக்கு இது மிகவும் பிடித்த வாசிப்பு, ஏனென்றால் படத்தின் எந்த ஆளையும் இது வெளியே விடவில்லை. ஆனால் போட்டிசெல்லியோ லொரென்சோவோ இப்படித்தான் என்று எழுதி வைக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தத்துவம் நேரடியாகப் படத்துக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் ஜெர்மன் ஓவியர் டூரரின் 'மெலன்கோலியா' (1514). செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தது, ஒரு நோட்டுப் பக்கம் அளவுதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக இணையதளத்தில் பெரிய கோப்பை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இறக்கை உள்ள ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கவராயம், சுற்றிலும் ரம்பம், இழைப்புளி, ஆணிகள், ஒரு பெரிய பலமுகக் கல், மெலிந்த நாய். கருவிகள் அத்தனையும் இருக்கின்றன, வேலை எதுவும் நடக்கவில்லை.

இங்கே தெரிந்திருக்க வேண்டியது அந்தக் கால உடலியல். உடம்பில் கரும்பித்தம் (தலைப்பில் உள்ள 'மெலன்கோலியா' இதுதான்) மிகுந்தவன் சோம்பி வாடுவான், அவனுக்கு அதிபதி சனி என்பது பழைய மருத்துவம். ஃபிசினோ, தானே சனியின் பிடியில் பிறந்தவர் என்று நம்பியவர், 1489-இல் வெளியிட்ட நூலில் அரிஸ்டாட்டில் பேரில் வழங்கிய பழைய கருத்து ஒன்றை உயிர்ப்பித்தார்: பெரும் சிந்தனையாளர்கள் எல்லாரும் இந்தக் கரும்பித்தக்காரர்களே. நோய் என்று நினைத்ததை மேதைமையின் அடையாளமாக்கிவிட்டார். இது ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்த டூரர் காதுக்கு எப்படிப் போயிருக்கும் என்று கேட்டால், வழி இருக்கிறது. ஃபிசினோவின் கடிதங்களை 1497-இல் நியூரம்பெர்க்கில் அச்சிட்ட ஆன்டன் கோபெர்கர் டூரரின் ஞானத்தந்தை. நெருங்கிய நண்பர் பிர்க்ஹைமர் ஹொராப்போல்லோவை லத்தீனில் பெயர்த்தவர், அதற்குப் படம் வரைந்தவர் டூரரேதான். இப்படிக் கைமாறிய வழியைக் காட்ட முடிந்தால்தான் தத்துவத்தைப் படத்தோடு சேர்க்கலாம்.

அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் சுவரில் பதினாறு கட்டச் சதுரம் இருக்கும். மேல் வரிசை 16, 3, 2, 13. கீழ் வரிசை 4, 15, 14, 1. எந்த வரிசையைக் கூட்டினாலும், மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ கூட்டினாலும், நான்கு மூலைகளைக் கூட்டினாலும் 34. கீழ் வரிசை நடுவில் 15, 14 என்று ஆண்டும் வந்துவிட்டது. கணக்கோடு நின்றுவிடாதீர்கள். நான்குக்கு நான்கு சதுரம் அந்தக் காலத்தில் வியாழனுக்கு உரியது, சனியின் பாரத்தை வியாழனால் தணிப்பது ஃபிசினோ சொன்ன பரிகாரம். அவள் தலையில் உள்ள இலைமாலையும் நீர்ச்செடிகளால் ஆனது, கரும்பித்தத்தின் வறட்சிக்கு மாற்று. இடுப்பில் தொங்கும் சாவிக்கும் பணப்பைக்கும் டூரரே ஒரு குறிப்பில் பொருள் எழுதி வைத்திருக்கிறார், சாவி அதிகாரம், பை செல்வம். ஓவியரே இப்படிச் சொல்லி வைப்பது அபூர்வம், கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கண்டுபிடித்த அர்த்தத்தை உடைத்துப் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி படத்தை ஒரு ரகசியத் திருமணத்தின் சாட்சிப் பத்திரம் என்று 1934-இல் கலை வரலாற்றாளர் பானோஃப்ஸ்கி வாதிட்டார். ஒற்றை மெழுகுவத்தி, நாய், கழற்றிய மிதியடி எல்லாம் அழகாகப் பொருந்தின. பிறகு, படத்தில் இருப்பவர் என்று நம்பிய அர்னோல்ஃபினிக்கு 1447-இல்தான் திருமணம் என்று ஆவணம் கிடைத்தது. வான் ஐக் 1441-லேயே இறந்துவிட்டார். வாதம் எவ்வளவு அழகானாலும் தேதிகளைச் சரிபாருங்கள்.

சில படங்கள் பிடி கொடுப்பதில்லை. வெனிஸில் உள்ள ஜோர்ஜோனேயின் 'புயல்' படத்தை 1530-இல் பார்த்த, வெனிஸ் கலை ஆர்வலர் மிக்கியேல், புயலும் ஒரு நாடோடிப் பெண்ணும் ஒரு படைவீரனும் உள்ள நிலக்காட்சி என்று மட்டும் எழுதினார். 1939-இல் எக்ஸ்ரே எடுத்தபோது, அந்த ஆண் நிற்கும் இடத்தில் முதலில் குளிக்கும் பெண் ஒருத்தி இருந்தது தெரிந்தது. பாத்திரத்தையே மாற்றிவிட்ட படத்துக்குள் ஒரே கதையைத் திணிக்காமல் விடுவது நல்லது.

நீங்களாகவே செய்து பார்க்க, வெனிஸ் ஓவியர் டிசியானோவின் (ஆங்கிலத்தில் டிஷியன்) 'தெய்வீகக் காதலும் உலகக் காதலும்' தருகிறேன், 1514, ரோமின் போர்கேஸே கேலரி. தலைப்பை நம்ப வேண்டாம், 1693-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒட்டிக்கொண்டது அது. நீர்த்தொட்டியின் முன்புறம் ஒரு குடும்பச் சின்னம் இருக்கும், வெனிஸ் அரசின் செயலாளர் நிக்கோலோ அவுரேலியோவுடையது. வெள்ளிக் கிண்ணத்தில் இருப்பது அவர் அந்த ஆண்டு மணந்த லாவ்ரா பகரோத்தோவின் குடும்பச் சின்னம். அவள் தந்தையை வெனிஸ் துரோகக் குற்றத்துக்காக 1509-இல் தூக்கிலிட்டிருந்தது. இதோடு ஃபிசினோ பேசும் இரண்டு வீனஸ்களையும், விண்ணுலகத்தவள், மண்ணுலகத்தவள், கையில் வைத்துக்கொண்டு தாளை எடுங்கள். பட்டு உடுத்தியவளையும் உடுத்தாதவளையும் பார்த்து யார் எவள் என்று எழுதுங்கள். இரண்டு பேர் முகமும் ஏன் ஒரே சாயலில் இருக்கிறது என்பதற்கும் அதே தாளில் ஒரு பதில் வேண்டும்.