கடலாமை காக்க கோஸ்டா ரிகா போகணுமா? முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு ஒரு செய்முறை

ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்திக் கடலில் விடுகிற படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில் ஒரு சின்ன முகாமில் மூன்று வாரம் இருந்தேன். குஞ்சைத் தொட்ட நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம் தேறாது. மிச்சமெல்லாம் இருட்டு, மணல், மழை, நடை, ஒரு நோட்டு, ஒரு பென்சில். இதைத் தெரிந்துகொண்டு போனால் ரொம்ப நல்ல அனுபவம், தெரியாமல் போனால் மூன்றாவது நாளே முகம் தொங்கிவிடும். என்னோடு வந்த இரண்டு பேருக்கு அப்படித்தான் ஆனது.

படி 1: முதலில் ஆமை, அப்புறம் தேதி, கடைசியில்தான் டிக்கெட்

லீவு கிடைக்கிற மாதத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். எந்த ஆமை எப்போது கரையேறுகிறது என்று பார்த்துவிட்டு லீவு கேளுங்கள். கோஸ்டா ரிகாவுக்கு இரண்டு பக்கமும் கடல். கரீபியன் பக்கம் ஏறக்குறைய மார்ச் முதல் ஜூன் வரை ஏழுவரி ஆமை வரும், முதுகில் நீளமாக ஏழு வரி ஓடுமே, உலகத்திலேயே பெரிய ஆமை, அதுதான். ஜூலை முதல் அக்டோபர் வரை பேராமை, அதாவது பச்சை ஆமை. பேராமைக்குப் பேர்போன இடம் தோர்துகேரோ. அங்கே சாலை கிடையாது, கால்வாய் வழியாகப் படகில்தான் போக வேண்டும். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950களில் அங்கே ஆமைகளுக்கு எண் பொறித்த தகடு மாட்ட ஆரம்பித்தார். அதையொட்டி 1959இல் தொடங்கிய அமைப்புதான் இன்றைக்கு சீ டர்ட்டில் கன்சர்வன்சி என்ற பெயரில் அதே கடற்கரையில் அதே வேலையைத் தொடர்கிறது.

பசிபிக் பக்கம் ஒஸ்தியோனல் என்று ஒரு ஊர். நம் கரையில் தை முதல் பங்குனி வரை ஏறுகிற அதே பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) அங்கே ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறும், சில நாள் தொடர்ந்து ஏறும். இதை அர்ரிபாதா என்கிறார்கள். அங்கே ஊர்க்காரர்களே மூட்டை மூட்டையாக முட்டை எடுத்துப் போவதைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள், அது சட்டப்படி நடப்பது. பின்னால் வருகிற ஆமைகள் முன்னால் வந்தவை இட்ட முட்டைகளைத் தோண்டிப் போட்டுவிடும், எப்படியும் வீணாகிற அந்த முதல் கட்ட முட்டைகளில் ஒரு பங்கை ஊர் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்குக் கடற்கரையைச் சுத்தமாக வைத்துக் காவலும் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. ஆனால் இதே காரியத்தைக் கரீபியன் பக்கம் செய்தால் திருட்டு.

படி 2: விமானம் ஏறுவதற்கு முன் ஒரு ராத்திரி நடந்து பாருங்கள்

சென்னையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988இலிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் இரவு நடை நடத்துகிறது. சீசனில் வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப்போவார்கள். நள்ளிரவில் மணலில் ஆறேழு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஒரு ஆமைகூட வராமல் போகலாம். வெறுங்கையோடு திரும்பும்போது "அடுத்த வாரம் வரலாம்" என்று தோன்றினால் நீங்கள் தயார். "இதுக்கா இவ்வளவு தூரம் நடந்தோம்" என்று தோன்றினால், டிக்கெட் காசு மிச்சம்.

படி 3: யாரிடம் போவது என்று தேடுவது

இதில் அவசரப்படாதீர்கள். தன்னார்வப் பணி என்றாலும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும், சாப்பாடு, தங்குமிடம், உள்ளூர்க் காவலர்களின் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. அதில் எனக்குக் குறையில்லை. குறை நடுவில் நிற்கிற ஏஜென்ட் மேல்தான். நான் முதலில் ஒரு ஏஜென்சி வழியாக விசாரித்தேன், அவர்கள் சொன்ன தொகை, அதே முகாமுக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டபோது வந்த தொகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் முகாமின் பெயரைக் கண்டுபிடித்து நேராக எழுதுங்கள். எழுதும்போது இவற்றைக் கேளுங்கள்:

இரவு ரோந்துக்கு யார் தலைமை? உள்ளூர்க்காரர்களா, அவர்களுக்குச் சம்பளம் உண்டா? சேகரிக்கிற கணக்கு எங்கே போகிறது, அரசாங்க அனுமதி இருக்கிறதா? முட்டை திருடுகிறவர்கள் எதிரே வந்தால் என்ன செய்வீர்கள்? குஞ்சு பொரித்ததும் எவ்வளவு நேரத்தில் கடலில் விடுவீர்கள்?

கடைசிக் கேள்வி ஒரு கல்லில் உரசிப் பார்ப்பது மாதிரி. குஞ்சுகளைத் தொட்டியில் போட்டு நாள்கணக்கில் வைத்திருந்து, வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு விடச் சொல்கிற இடங்கள் உலகம் முழுக்க உண்டு, பக்கத்தில் இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் உண்டு. மணலிலிருந்து வெளியே வந்த குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சமிருக்கும். அந்தச் சக்தியை வைத்துத்தான் முதல் ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போகிறது. தொட்டியில் சுற்றிச் சுற்றி அதைச் செலவழித்துவிட்டால் அப்புறம் கடலில் விட்டு என்ன பிரயோசனம்? "வருகிற எல்லோரும் குஞ்சைப் பிடித்து போட்டோ எடுக்கலாம்" என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

திருடர்கள் பற்றிய கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். 2013 மே 31ஆம் தேதி லிமோன் நகருக்கு அருகே மோயின் கடற்கரையில் ஹைரோ மோரா சந்தோவால் என்ற 26 வயது இளைஞர் ஆமை ரோந்து போனபோது கொல்லப்பட்டார், கூட வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் இருந்தார்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒழுங்கான முகாமில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: யாராவது முட்டையோடு நின்றால் விளக்கு அடிக்காதே, பேசாதே, படம் எடுக்காதே, விலகி நட, மற்றதைத் தலைவர் பார்த்துக்கொள்வார். "நாங்கள் விரட்டிப் பிடிப்போம்" என்று பெருமையடிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

படி 4: பேப்பர் வேலை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கோஸ்டா ரிகா விசா வேண்டும். அமெரிக்க விசா கையில் இருந்தால் சலுகை உண்டு என்றாலும் இந்த மாதிரி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டெல்லியில் உள்ள தூதரகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், முகாமிடமிருந்து அழைப்புக் கடிதமும் வாங்கிவிடுங்கள். பலரும் கோட்டைவிடுகிற இடம் நடுவழி. நேரடி விமானம் கிடையாது, அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள், ஐரோப்பாவிலும் சில நாடுகளில் அப்படித்தான். மலிவு டிக்கெட் என்று பாய்ந்து வாங்கிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். பயணக் காப்பீடு, தடுப்பூசி விவரம் இரண்டையும் விசாவோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்.

படி 5: பை கட்டுவது

எல்லாம் கறுப்பு அல்லது கருநீலம். முழுக்கை, முழுக்கால். வெள்ளைச் சட்டை நிலா வெளிச்சத்தில் டியூப்லைட் மாதிரி தெரியும், கரையேற வந்த ஆமை திரும்பிப் போய்விடும். நான் சட்டையெல்லாம் சரியாக எடுத்துப்போய் மழைக்கோட்டு மட்டும் பளீர் மஞ்சளில் கொண்டுபோனேன். முதல் இரண்டு இரவு கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் முகாம் அலமாரியில் யாரோ விட்டுப்போன ஒரு கறுப்புக் கோட்டு கிடைத்தது.

சிவப்பு வெளிச்சம் உள்ள தலைவிளக்கு கட்டாயம். மணல் புகுந்தாலும் பரவாயில்லை என்கிற மூடிய செருப்பு அல்லது பழைய ஷூ, ஏனென்றால் கரையெல்லாம் ஆறுகள் கொண்டுவந்து ஒதுக்கிய மரக்கட்டைகள். கொசு மருந்து உடம்பில் தடவலாம், உள்ளங்கையில் வேண்டாம், அதே கையால்தான் முட்டைப் பையைப் பிடிக்கப்போகிறீர்கள். பென்சில் நிறைய. மழையில் பேனா எழுதாது.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். காலையில் சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்த காயோ பிந்தோ, மத்தியானமும் சோறும் பீன்ஸும்தான். கரீபியன் பக்கம் சில நாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தருவார்கள், அது நம்ம ஊர் ருசி. இருந்தாலும் ஒரு பாட்டில் ஊறுகாய் எடுத்துப் போங்கள், பத்தாம் நாள் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

ஸ்பானிஷ் வாக்கியம் அமைக்கத் தெரிய வேண்டியதில்லை. எண்கள், பிறகு இஸ்கியெர்தா, தெரெச்சா, அதாவது இடது, வலது. இது போதும், இருட்டில் ஆமையின் எந்தத் துடுப்பு (நீந்துகிற கால்) என்று காதில் கிசுகிசுக்கும்போது புரிய வேண்டும்.

படி 6: முதல் ரோந்து

விளக்கு இல்லாமல் நடப்பீர்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் நுரை தெரியும், பிறகு மணல், பிறகு முன்னால் போகிறவரின் முதுகு. விளக்கைப் போட்டீர்களானால் மறுபடி முதலிலிருந்து. கட்டையில் இடித்துக்கொள்வீர்கள், பழகும்.

ஆமையைத் தேடாதீர்கள், தடத்தைத் தேடுங்கள். ஏழுவரி ஆமை ஏறின தடம் டிராக்டர் போன மாதிரி அகலமாக, கறுத்துத் தெரியும். மேலே போன தடம் மட்டும் இருந்து இறங்கின தடம் இல்லையென்றால் ஆள் மேலேதான் இருக்கிறார் என்று அர்த்தம். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். தலைவர் மட்டும் தவழ்ந்து போய்ப் பார்ப்பார். குழி தோண்டும்போது தொந்தரவு செய்தால் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும், முட்டை விழ ஆரம்பித்த பிறகு சுற்றி நடப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

என்னை ஆமையின் பின்பக்கம் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ஓடு மட்டும் ஒன்றரை மீட்டர். பின்துடுப்பு உள்ளங்கை மாதிரி குவிந்து குழிக்குள் இறங்கி, ஒரு பிடி ஈரமணலை அள்ளி, ஓரமாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, உடனே மற்றத் துடுப்பு இறங்குகிறது. மாறி மாறி. தான் தோண்டுகிற குழியை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. தோண்டி முடித்து ஒரு பெருமூச்சு விட்டது, பக்கத்தில் மாடு படுத்திருக்கிறதோ என்று நினைக்கிற அளவுக்குச் சத்தம். கையுறையோடு குழிக்குள் கையை விட்டுப் பாலிதீன் பையை விரித்துப் பிடித்தேன். இரண்டு, மூன்றாக விழுந்தன. வெதுவெதுப்பு, வழவழப்பு, அழுத்தினால் லேசாகக் குழிகிற தோல். கடைசியில் எலுமிச்சை அளவிலும் கோலிக்குண்டு அளவிலும் சின்னச் சின்ன உருண்டைகள் வந்தன. அவற்றுக்குள் மஞ்சள்கருவே கிடையாது, குஞ்சும் வராது. அவற்றைத் தனியாக எண்ண வேண்டும், சேர்த்து எண்ணிவிட்டால் கணக்கு கெட்டது.

கண்ணில் நீர் வழியும், அழுகிறது என்று உருகாதீர்கள், உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஒருவர் நீள அகலம் அளப்பார், ஒருவர் துடுப்பில் ஏற்கெனவே உலோகத் தகடு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், இருந்தால் எண்ணைப் படிப்பார், நோட்டு வைத்திருப்பவர் எழுதுவார். நோட்டு வேலை புதியவர்களுக்குத்தான் வரும், லேசாக நினைக்காதீர்கள். நாம் 7ஐக் குறுக்குக் கோடு போடாமல் எழுதுவோம், அங்கே கோடு போட்டுத்தான் எழுதுவார்கள். நான் எழுதிய 7 மறுநாள் கணினியில் 1 ஆகிவிட்டது. ஒரே இலக்கம்தான், ஆனால் அந்த ஆமை வேறொரு ஆமையாகிவிட்டது. நல்லவேளை, தலைவருக்கு எண் நினைவிருந்தது. அதிலிருந்து 7க்கு வயிற்றில் கோடு போடுகிறேன், வங்கிச் செலானில்கூட.

படி 7: முட்டையை மாற்றிப் புதைப்பது

திருட்டு பயம் உள்ள கரையிலும் அலை அரிக்கிற இடத்திலும் முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பார்கள். பை ஏழெட்டுக் கிலோ கனக்கும், குலுக்கக் கூடாது, சில மணி நேரத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும், கரு ஓட்டில் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் செத்துவிடும். குழி முக்கால் மீட்டர் ஆழம், குடம் மாதிரி: கழுத்து ஒடுங்கி, அடி அகன்று. தோள் வரை கையை விட்டு அடிப்பக்கம் குடைய வேண்டும். முதல் மூன்று குழி எனக்குச் சரிந்துபோனது. மணல் சூட்டைத் தினமும் குறிப்பார்கள், ஏனென்றால் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. இரண்டுக்கும் நடுக்கோடு 29 டிகிரியை ஒட்டி வரும்.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். பொரித்த கூட்டைச் சில நாள் கழித்துத் தோண்டி, வெறும் ஓடு எத்தனை, பொரியாதது எத்தனை என்று எண்ணுவது யாரும் விரும்பாத வேலை. கிழிந்த ஓட்டில் பாதிக்கு மேல் இருந்தால்தான் ஒன்று என்று கணக்கு. பொரியாததைப் பிரித்துக் கரு எந்த நிலையில் நின்றது என்றும் பார்க்க வேண்டும். நாற்றம் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. ஆனால் அந்தக் கரை பிழைக்கிறதா இல்லையா என்று சொல்கிற எண் இந்த வேலையிலிருந்துதான் வருகிறது, அதனால் யாராவது கை தூக்குங்கள் என்று கேட்கும்போது நீங்கள் தூக்குங்கள்.

கிளம்புகிற அன்று, நீங்கள் புதைத்த கூட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பொரித்ததும் கணக்கை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அனுப்புவார்கள். எனக்கு வந்தது: முட்டை 83, வெற்று ஓடு 51. அப்புறம் கறுப்பு மழைக்கோட்டு இருந்தால் துவைத்து, மடித்து, அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மஞ்சள் கோட்டோடு யாராவது வருவார்கள்.